2024 பெண்கள் கோல்ஃப் சீசன்: கேட்டதற்கெல்லாம் பதில் (முடிந்தவரை)

எல்.பி.ஜி.ஏ. (பெண்கள் தொழில்முறை கோல்ஃப் சங்கம்) 2024 சீசன் பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று வாயைக் கொடுத்துவிட்டேன். வந்து குவிந்திருக்கிறது. ஆரம்பிக்கும் முன் ஒரே ஒரு வேண்டுகோள்: உலகத் தரவரிசை வேறு, பரிசுப் பணப் பட்டியல் வேறு, சி.எம்.இ. புள்ளிகள் (சீசன் முழுக்கச் சேர்ந்து, கடைசிப் போட்டிக்கு யார் போவார்கள் என்று முடிவு செய்பவை) வேறு. மூன்றையும் போட்டுக் குழப்பிக்கொண்டு என்னிடம் சண்டைக்கு வராதீர்கள்.

கேள்வி: நெல்லி கோர்டா தொடர்ந்து ஐந்து வாரம் ஜெயித்தார் என்கிறார்களே, உண்மையா?

ஐந்து வாரம் இல்லை. அவர் *ஆடிய* ஐந்து போட்டிகள். இரண்டும் ஒன்றல்ல. ஜனவரியில் பிராடென்டனில் ஜெயித்தார், அது அவருடைய சொந்த ஊர். அப்புறம் ஏழு வாரம் மட்டையையே காணோம், ஆசியப் போட்டிகளுக்கெல்லாம் போகவில்லை. மார்ச்சில் திரும்பி வந்து சே ரி பாக் சாம்பியன்ஷிப்பை பிளே ஆஃபில் (ஸ்கோர் சமனானால் ஆடும் கூடுதல் ஹோல்களில்) எடுத்தார், அடுத்த வாரமே ஃபோர்டு சாம்பியன்ஷிப், ஏப்ரலில் ஷேடோ கிரீக்கில் மேட்ச் பிளே (இருவர் ஹோல் ஹோலாக மோதும் ஆட்டம்) இறுதியில் லியோனா மக்வயரை 4 அண்டு 3 (மூன்று ஹோல் மிச்சமிருக்க நான்கு ஹோல் முன்னிலை) என்று மடக்கினார், அதன் பிறகு செவ்ரான், அது மேஜர் (ஆண்டின் மிகப் பெரிய போட்டிகளில் ஒன்று). நான்சி லோபஸ் 1978-லும் அனிகா சோரன்ஸ்டாம் 2004-05-லும் செய்ததைச் சமன் செய்தார், முறியடிக்கவில்லை. ஐந்தில் ஒன்று மேட்ச் பிளே என்பதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. எனக்கு அதுதான் பெரிய விஷயம். ஸ்ட்ரோக் பிளேயில் (எல்லா நாளின் அடிகளையும் கூட்டும் ஆட்டத்தில்) ஒரு நாள் சொதப்பினாலும் மற்ற நாட்களில் ஈடுகட்டலாம். மேட்ச் பிளேயின் நாக் அவுட் சுற்றில் எதிராளி அன்றைக்குத் தீப்பொறியாக ஆடினால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

கேள்வி: அவ்வளவு ஃபார்மில் இருந்தவர் யு.எஸ். ஓப்பனில் ஒரே ஹோலில் 10 அடித்தாராமே?

ஆமாம். அதற்கு முன் மே மாதம் மிசுஹோவையும் ஜெயித்து, ஏழு போட்டியில் ஆறு வெற்றி என்ற கணக்கோடு யு.எஸ். ஓப்பன் நடந்த லாங்காஸ்டருக்கு வந்தார். 12-வது ஹோல், பார் 3 (மூன்று அடியில் முடிக்க வேண்டியது), கிரீனுக்கு (குழி இருக்கும் புல்தரைக்கு) முன்னால் ஓடை. முதல் அடி கிரீனைத் தாண்டிப் பின்பக்க மணல் பங்கரில் விழுந்தது. அங்கிருந்து எடுத்த பந்து சரிவில் உருண்டு கிரீனையும் கடந்து நேராகத் தண்ணீருக்குள். அப்புறம் ஓடைக்கு இந்தப் பக்கத்திலிருந்து இன்னும் இரண்டு பந்து தண்ணீருக்கு. மொத்தம் 10. அன்றைய ஸ்கோர் 80, மறுநாள் 70, கட் (கடைசி இரண்டு நாள் ஆடத் தேவையான ஸ்கோர்) போயிற்று. அடுத்த இரண்டு போட்டிகளிலும் கட் தாண்டவில்லை. போதாக்குறைக்கு நாய் கடித்து லண்டன் போட்டியிலிருந்து விலகினார்!

அந்த யு.எஸ். ஓப்பனை யூகா சாசோ ஜெயித்தார். 2021-ல் பிலிப்பைன்ஸுக்காக, 2024-ல் ஜப்பானுக்காக: ஒரே கோப்பை, இரண்டு கொடி. நெல்லியின் பத்தைப் பற்றி நூறு பேர் கேட்டீர்கள், இவரைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை.

கேள்வி: பேர்டி, போகி என்றால் என்ன?

பாருக்கு ஒன்று குறைந்தால் பேர்டி, கூடினால் போகி. இரண்டு குறைந்தால் ஈகிள். மேலே நெல்லி அடித்ததற்குப் பெயர் தேட வேண்டாம்.

கேள்வி: நியூசிலாந்தின் லிடியா கோ எல்.பி.ஜி.ஏ. ஹால் ஆஃப் ஃபேமுக்குள் (சாதனையாளர் பட்டியலுக்குள்) போனது ஒலிம்பிக் தங்கத்துக்குக் கொடுத்த ஒரு புள்ளியால்தானே? அது சலுகை இல்லையா?

27 புள்ளி வேண்டும். சாதா வெற்றிக்கு 1, மேஜருக்கு 2, ஆண்டின் சிறந்த வீராங்கனை விருதுக்கு 1, சராசரி ஸ்கோருக்கான வேர் டிராஃபிக்கு 1. 2022-லிருந்து ஒலிம்பிக் தங்கத்துக்கும் 1. பாரிஸுக்குப் போகும்போது லிடியா கையில் 20 வெற்றி, அதில் இரண்டு மேஜர், ஆக 22. ஆண்டின் சிறந்த வீராங்கனை விருது இரண்டு, வேர் டிராஃபி இரண்டு. 26. ஆகஸ்ட் 10 அன்று தங்கம், 27. ரியோவில் வெள்ளி, டோக்கியோவில் வெண்கலம் வாங்கியபோது ஒன்றும் கிடைக்கவில்லை, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அதே நபர்: ஒலிம்பிக்கில் 60 பேர்தான். ஒரு நாட்டுக்கு இரண்டு பேர், உலகத் தரவரிசையில் முதல் 15-க்குள் இருந்தால் நான்கு. நல்ல கொரிய வீராங்கனைகள் பலர் வெளியே. இது ஒரு வெற்றியா?

சரி, ஆள் கணக்குக்கே வருகிறேன். சீசன் கடைசி சி.எம்.இ. போட்டியிலும் 60 பேர்தான், அதற்கும் புள்ளி உண்டு. வருடத் தொடக்கத்தில் நடக்கும் டூர்னமென்ட் ஆஃப் சாம்பியன்ஸில் அதைவிடவும் குறைவு, லிடியாவின் 26-வது புள்ளியே அங்கிருந்து வந்ததுதான். அதை ஏன் யாரும் கேட்கவில்லை?

இன்னொருவர்: நான்கு வருடத்துக்கு ஒரு முறை வருவது, மேஜர் மாதிரி 2 புள்ளி கொடுக்க வேண்டும்.

நீங்கள் வேறா! வேண்டாம். மேஜரில் ஆடுபவர்களின் வரிசை பலமானது, அதில் நாட்டு ஒதுக்கீடு கிடையாது. ஒன்று போதும்.

முதல் நபர்: அப்போ ஒதுக்கீடு குறைதான் என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள்.

குறைதான். அதனால்தான் இரண்டு இல்லாமல் ஒன்று. ஆனால் ஒரு விஷயம் பாருங்கள். தங்கம் வாங்கி 15 நாளில், ஆகஸ்ட் 25 அன்று, செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானத்தில் காற்றிலும் மழையிலும் 69 அடித்து, கடைசி ஹோலில் பேர்டி போட்டு, ஏ.ஐ.ஜி. ஓப்பனை எடுத்தார். மேஜர், 2 புள்ளி. தங்கமே இல்லாதிருந்தாலும் 28. ஆக உங்கள் வாதத்துக்கு ஆயுள் பதினைந்தே நாள். இதற்கு மேல் இதைப் பற்றிப் பேச மாட்டேன். (பேசுவேன், கீழே பாருங்கள்.)

கேள்வி: அதிதி அசோக் என்ன ஆனார்?

டோக்கியோவில் ஒரே அடியில் வெண்கலத்தைத் தவறவிட்டு நான்காவது. வெண்கலம் போனது இதே லிடியாவுக்கு. பாரிஸில் 29-வது இடத்தைப் பகிர்ந்தார், தீக்‌ஷா டாகர் 49. டோக்கியோவை வைத்து ஒவ்வொரு முறையும் பதக்கம் எதிர்பார்ப்பது நியாயமில்லை. நான்கு நாள் பட்டர் (கிரீனில் பந்தைக் குழிக்குள் உருட்டும் மட்டை) சொன்னபடி கேட்பதெல்லாம் எப்போதாவது நடப்பது.

கேள்வி: எனக்கு டிரைவர் மட்டையால் அடித்தால் பந்து வலது பக்கம் வளைகிறது.

பயிற்சியாளரிடம் போங்கள்.

கேள்வி: அதிகப் பணம் சம்பாதித்தது நெல்லிதானே, அவர்தானே நம்பர் ஒன்?

முதல் பத்தி. 2024 முடிவில் உலகத் தரவரிசையில் நம்பர் ஒன் நெல்லி. ஏழு வெற்றி, ஆண்டின் சிறந்த வீராங்கனையும் அவரே. பணத்தில் முதலிடம் தாய்லாந்தின் ஜீனோ திதிகுன். கட்டை விரல் காயத்தால் சீசனின் ஆரம்பத்தையே விட்டவர், நவம்பரில் சி.எம்.இ. கடைசி நாளில் இரண்டு ஹோல் மிச்சமிருக்க ஏஞ்சல் யின்னை விட இரண்டு அடி பின்னால். 17-ல் ஈகிள், 18-ல் பேர்டி. முடிந்தது. முதல் பரிசு 40 லட்சம் டாலர், பெண்கள் கோல்ஃபில் அதுவரை யாரும் ஒரே வாரத்தில் பார்க்காத தொகை. அதோடு அந்த வருடக் கணக்கு 60 லட்சத்தைத் தாண்டி, லொரேனா ஒச்சோவா 2007-லிருந்து வைத்திருந்த சாதனை விழுந்தது. இதை வைத்து ஜீனோ ஒச்சோவாவை விடப் பெரிய ஆள் என்று எழுதாதீர்கள். பரிசுத் தொகை வளர்ந்துவிட்டது, அவ்வளவே. வேர் டிராஃபி இவர்கள் இருவருக்கும் இல்லாமல் அயாகா ஃபுருவேவுக்குப் போனது, காரணம் மற்ற இருவரும் தேவையான அளவு சுற்று ஆடவில்லை.

கேள்வி: ஆண்களுக்குச் சமமான பரிசா?

இல்லை. 2024 யு.எஸ். ஓப்பனில் ஆண்களுக்கு மொத்தம் 215 லட்சம் டாலர், பெண்களுக்கு 120 லட்சம். அந்த ஆண்டின் பெண்கள் மேஜர்களில் அதுதான் அதிகம்.

கேள்வி: ஆட்டம் ஏன் இவ்வளவு மெதுவாக நடக்கிறது?

இங்கிலாந்து வீராங்கனை சார்லி ஹல்லிடம் கேளுங்கள். மூன்று முறை நேரம் மீறினால், ஒவ்வொன்றுக்கும் இரண்டு அடி அபராதத்தோடு டூர் கார்டையே (டூரில் ஆடும் உரிமையையே) பறித்துத் தகுதிச் சுற்றுக்கு அனுப்ப வேண்டும் என்றார் நவம்பரில். கடுமைதான், ஆனால் இருட்டில் பட் அடிப்பதைப் பார்த்துப் பார்த்து நானும் அந்தக் கட்சிக்கே வந்துவிட்டேன்.

கேள்வி: ஒரே ஒரு ஆட்டத்தைத் திரும்பப் பார்ப்பதென்றால்?

பிராடென்டன், ஜனவரி. எல்லோரும் செயின்ட் ஆண்ட்ரூஸ் சொல்வார்கள், போகட்டும். அன்றைக்கு லிடியா ஜெயித்திருந்தால் 27-வது புள்ளி அங்கேயே கிடைத்திருக்கும். கிட்டத்தட்டக் கையில் வந்துவிட்டது. நெல்லி 17-ல் ஈகிள், 18-ல் பேர்டி போட்டுச் சமன் செய்து, பிளே ஆஃபின் இரண்டாவது ஹோலில் பிடுங்கிக்கொண்டார். அது மட்டும் நடக்காமல் இருந்தால் ஐந்து தொடர் வெற்றி கிடையாது, மேலே நம் ஒலிம்பிக் நண்பருக்குச் சண்டை போட விஷயமும் கிடையாது.

கேள்வி: அப்படியானால் 2024 முடிவில் ஜீனோதானே உலக நம்பர் ஒன்?

முதல் பத்தி, ஐயா, முதல் பத்தி.