சைக்கிளை இரவல் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

ஏப்ரல் சீசன் நெருங்குவதால் இருக்கலாம், இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: நல்ல விலை கொடுத்து வாங்கிய சைக்கிளைத் தெரிந்தவர்கள் கேட்கிறார்கள், என்ன செய்வது? எல்லாவற்றையும் ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன். ஹட்டனில் சைக்கிள் திருத்துகிற ஆள் நான். குடும்ப விவகாரத்துக்குத் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. பிரேக், கியர் பக்கமிருந்து பார்த்துத்தான் பதில் சொல்வேன்.

*பண்டாரவளையிலிருந்து ஓர் ஆசிரியர்: நான்கு லட்சம் ரூபாவுக்கு வாங்கிய மவுண்டன் பைக். கொழும்பில் வேலை செய்யும் மச்சான் சீசனுக்கு வருகிறான். நுவரெலியாவிலிருந்து இறம்பொடை வழியாகக் கம்பளை வரை இறங்கப்போகிறானாம். நம்பிக்கையான ஆள். கொடுக்கலாமா?*

மச்சான் சைக்கிளை விற்றுவிட்டு ஓடமாட்டார் என்பது விளங்குகிறது. நீண்ட இறக்கத்தில் பிரேக் பிடிக்கத் தெரியுமா என்பதை மட்டும் நீங்கள் எழுதவில்லை. எனக்கு அதுதான் முக்கியம்.

நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. லபுக்கலை, இறம்பொடை, புசல்லாவை என்று இறங்கிக் கம்பளைக்கு வரும்போது ஆயிரம் மீற்றருக்கு மேல் இறங்கியிருப்போம். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்று வையுங்கள். ஆயிரம் மீற்றர் இறக்கத்தில் வெளிவரும் சக்தி ஏறக்குறைய இரண்டரை லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். வேகமாகப் போகிறவருக்கு அதில் ஒரு பங்கைக் காற்று வாங்கிக்கொள்ளும். பயந்து பயந்து, பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே இறங்குகிறவருக்கு ஏறக்குறைய முழுச் சூடும் பிரேக்கில்தான் இறங்கும். கொழும்புத் தட்டை ரோட்டில் பழகியவர்கள் செய்வது இரண்டாவது. பிரேக் பேட் கருகிப் பளபளப்பாகிவிடும், லீவரை இழுத்தால் கைப்பிடி வரை வரும், சைக்கிள் நிற்காது. எதிரே பஸ் வரும் ரோட்டில் இது நடந்தால் நான்கு லட்சத்தைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள்.

இன்னொரு விஷயம், நிறையப் பேர் கவனிப்பதில்லை. இடப்பக்கம் ஓடும் நம் நாட்டில் முன் பிரேக் வலது கையில் இருப்பதுதான் வழக்கம். ஜப்பானிலிருந்து வரும் பழைய சைக்கிள்களிலும் அப்படியே. ஐரோப்பா, அமெரிக்காவுக்கென்று பூட்டிய சைக்கிளில் முன் பிரேக் இடது கையில் இருக்கும். உங்கள் கை அதற்குப் பழகியிருக்கும். மச்சானின் கை பழகியிருக்காது. பின் பிரேக் என்று நினைத்து முன்னதை அள்ளிப் பிடித்தால் ஹேண்டிலுக்கு மேலாகப் போய் விழுவார். கொடுப்பதற்கு முன்பே பார்த்து, இரண்டையும் அவர் கையாலேயே பிடிக்கச் செய்து காட்டுங்கள். பேட்டையும் பாருங்கள். பின்தகட்டின் மேல் தேயும் பகுதி அரை மில்லிமீற்றர்தான் மிச்சமென்றால் மாற்றிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். அது உங்கள் செலவு, அவருடையதல்ல.

என் தீர்மானம் இது: முதல்நாள் அவரை அப்புத்தளையிலிருந்து பண்டாரவளைக்கு இறங்கச் சொல்லுங்கள், நீங்கள் மோட்டார் சைக்கிளில் பின்னால் போங்கள். வளைவுக்கு முன்னாலேயே பிரேக் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் பிரேக்கை விடுகிறாரா என்று பாருங்கள். விட்டால் கொடுங்கள். லபுக்கலையிலும் இறம்பொடையிலும் நிறுத்தி டிஸ்க்கை, அதாவது பேட் பிடிக்கும் தகட்டை, ஆறவிட வேண்டும், பனிமூட்டம் இறங்கினால் தொடர்ந்து போகக் கூடாது என்று சொல்லி அனுப்புங்கள். சூடான டிஸ்க்கைத் தொட்டுப் பார்க்க வேண்டாம் என்பதையும் சொல்லுங்கள். யாராவது ஒருவர் தொட்டே தீருவார்.

வளைவு முழுக்கப் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வந்தார் என்றால், இறம்பொடைக்கு வேனில் போகட்டும்.

*தலவாக்கலையிலிருந்து: என் வங்கிக் கடனுக்குப் பிணை நின்றவர், தன் மகனுக்கு என் சைக்கிளை இரண்டு வாரத்துக்குக் கேட்கிறார். மறுக்க வாய் வரவில்லை.*

வராதுதான். ஆனால் "சைக்கிள் பழுது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தோட்டத்தில் அடுத்த நாள் நீங்கள் அதில் போவதை நான்கு பேர் பார்ப்பார்கள், அதில் ஒருவர் அவருடைய சொந்தக்காரராக இருப்பார்.

உண்மையான காரணம் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்கும், அளவு. பையனைச் சீட்டில் உட்காரவைத்து, பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதில் வைக்கச் சொல்லுங்கள். கால் நேராக நீள வேண்டும், இடுப்பு ஒரு பக்கம் சாயக் கூடாது. சீட்டை முழுக்க இறக்கியும் எட்டவில்லையென்றால் அந்தச் சைக்கிள் அவனுக்குப் பெரிது. மேலே உயர்த்த வேண்டியிருந்தாலும், சீட் கம்பியில் போட்டிருக்கும் எல்லைக்கோடு வெளியே தெரியக் கூடாது. தெரிந்தால் சிறிது. தகப்பன் முன்னாலேயே இதைச் செய்துகாட்டினால் நீங்கள் "இல்லை" என்று சொல்ல வேண்டிய வேலையே இல்லை. அவனுக்கு ஏற்ற பழைய சைக்கிள் ஒன்றைத் தேடித் தருகிறேன், வாங்குவதற்கு முன் பார்த்தும் தருகிறேன் என்று சொல்லுங்கள். சொன்னதைச் செய்யுங்கள்.

அளவு சரியாக இருந்தால்? ஒரு நாளுக்குக் கொடுங்கள், இரண்டு வாரத்துக்கு வேண்டாம். பிணை நின்ற கடப்பாடு வேறு. தவணையை நாள் தவறாமல் கட்டி வங்கியிலிருந்து அவருக்கு ஒரு கடிதமும் போகாமல் பார்ப்பதுதான் அதற்கு நீங்கள் செய்யும் கைம்மாறு.

*மஸ்கெலியாவிலிருந்து: பக்கத்து லயத்து அண்ணன் கோயில் வேலையாக ஒரு நாள் கேட்டார், கொடுத்தேன். திரும்பி வந்ததிலிருந்து கியர் சரியாக விழவில்லை, பின்னால் சடசடவென்று சத்தம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நாள் சம்பளத்துக்கு வேலை செய்பவர். கேட்டால் அவருக்கு நோகும், விட்டால் எனக்கு நோகுது.*

முதலில் அந்தச் சைக்கிளில் ஏற்றம் ஏறுவதை நிறுத்துங்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது கியர் இருக்கிற வலது பக்கமாக விழுந்திருக்கிறது. பின் கியர் தொங்குகிற சின்ன அலுமினியத் துண்டுக்கு ஹேங்கர் என்று பெயர். விழுந்தால் பிரேம் தப்ப வேண்டும் என்பதற்காகவே அதை மெதுவான உலோகத்தில் செய்கிறார்கள். பின்னாலிருந்து குனிந்து பாருங்கள். கியருக்குக் கீழே உள்ள இரண்டு சின்னச் சக்கரங்களும் மேலே செயின் விழும் பல்லோடு ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். உட்பக்கம் சாய்ந்திருந்தால் ஹேங்கர் வளைந்துவிட்டது. அப்படியே ஆகப் பெரிய பல்லுக்கு மாற்றினால் கியர் சக்கரக் கம்பிக்குள் போய்ச் சிக்கும். கியரும் போகும், கம்பியும் போகும், சில நேரம் பிரேமும் சேர்ந்து போகும். நம் ஏற்றங்களில் எல்லாரும் தேடுவதும் அந்தப் பெரிய பல்லைத்தான்.

சுத்தியலால் தட்டி நிமிர்த்த வேண்டாம். அதற்கென்று நீண்ட கைப்பிடியுள்ள கருவி ஒன்று இருக்கிறது, சக்கர விளிம்போடு அளந்து அளந்து நிமிர்த்துவோம். நிமிராவிட்டால் புதிது போட வேண்டும். துண்டு பெரிய விலையில்லை. கிடைப்பதுதான் பாடு. ஒவ்வொரு மொடலுக்கும் வெவ்வேறு வடிவம். புதுச் சைக்கிள் வாங்குகிறவர்கள் வாங்கும் அன்றே இன்னொரு ஹேங்கரும் வாங்கிச் சீட்டுக்கு அடியில் உள்ள பையில் போட்டுவிடுங்கள்.

இனி அண்ணன் விஷயம். அவர் மறைக்கிறார் என்று முடிவு கட்டாதீர்கள். கோயில் மதிலில் சாத்திவைத்த சைக்கிள் சரிந்திருக்கும், யாராவது தூக்கி நிறுத்தியிருப்பார்கள், அவருக்கே தெரியாமல் இருக்கலாம். தெரிந்திருந்தாலும், வலது பக்கம் விழுவதற்கும் இடது பக்கம் விழுவதற்கும் இத்தனை வித்தியாசம் இருக்கிறது என்பது கியர் சைக்கிள் வைத்திருக்காதவருக்கு எப்படித் தெரியும்? இன்றைக்கே சொல்லுங்கள். லயத்து வாசலில் வைத்துச் சொல்லாதீர்கள், சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு வீடு இருக்கிறது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டுக்கு வரச் சொல்லி, குனிந்து பார்க்கச் சொல்லி, "அண்ணே, இது வளைஞ்சிருக்கு" என்று காட்டுங்கள். தவறு யாருடையது என்று கேட்க வேண்டாம். ஹேங்கர் விலையை அவராகத் தருகிறேன் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள், மறுப்பதும் ஒருவகை அவமதிப்பு.

அதற்கு மேல் கேட்காதீர்கள். 2021இல் தோட்டத் தொழிலாளியின் நாள் சம்பளம் 1000 ரூபாவாக வருவதற்கே எத்தனை வருஷப் போராட்டம்! 2024இல் 1350 ஆனது. ஒரு நல்ல பின் கியரின் விலையை அந்தக் கணக்கில் வகுத்துப் பாருங்கள், அவர் எத்தனை பேர், அதாவது எத்தனை நாள் வேலை, போட வேண்டும் என்று தெரியும். அவரால் கட்ட முடியாது என்பது கொடுத்த அன்றே உங்களுக்குத் தெரியும். தெரிந்தே கொடுத்தீர்கள் என்றால் நட்டத்தையும் அன்றே நீங்கள் ஏற்றுக்கொண்டுவிட்டீர்கள். கொடுப்பதற்கு முன் எல்லாரும் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு இது. அதையும் வாங்கிய விலையில் போடாதீர்கள். 2022 ஆரம்பத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் சில மாதத்திலேயே 360 வரை போனது. அதற்கு முன் வாங்கிய சைக்கிளின் உதிரிப்பாகத்தை இன்றைய விலைக்குத்தான் வாங்க வேண்டும்.

*நானுஓயாவிலிருந்து: கலியாண ஆல்பத்துக்குத் தேயிலை மலையில் வைத்துப் படம் எடுக்க என் ரோட் பைக்கைக் கேட்கிறார்கள்.*

கொடுங்கள். பெடலைக் கழற்றிவிட்டுக் கொடுங்கள். மாப்பிள்ளைக்கு ஓட்டிக் காட்டும் ஆசை வரும்.

*வட்டவளையிலிருந்து: கூட்டாளி நல்ல மனசோடு சைக்கிளைக் கழுவித்தான் திருப்பிக் கொடுத்தான். இப்போது பிரேக் கத்துகிறது, பிடிப்பும் இல்லை.*

வாகனம் கழுவும் இடத்தில் பவர் வாஷ் அடித்திருப்பார். சத்தம் வந்ததும் டிஸ்க்கில் கொஞ்சம் எண்ணெயும் விட்டிருப்பார். இரண்டும் அன்பினால் செய்கிற அநியாயம். எண்ணெய் பட்ட பேட் பெரும்பாலும் தேறாது, புதிது போடுங்கள். டிஸ்க்கை ஐசோபுரப்பைல் அல்ககோல் தொட்ட சுத்தமான துணியால் துடையுங்கள். பலமான தண்ணீர் சக்கரத்தின் நடுவிலும் பெடல் அச்சிலும் உள்ள கிரீஸைத் தள்ளிவிட்டு உள்ளே புகுந்திருக்கும், அங்கேயும் திறந்து பார்க்க வேண்டும்.

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. பிரேக் இளகிவிட்டது என்று மோட்டார் சைக்கிள் கராஜில் கொடுத்து டொட் என்ற மோட்டார் வாகனப் பிரேக் எண்ணெய் ஊற்றிக்கொண்டு வருவார்கள். ஷிமானோ கம்பனிப் பிரேக்குக்கு மினரல் எண்ணெய்தான். டொட் பட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் ஊதிப்போய் முழுப் பிரேக்கும் வீண். இரவல் கொடுக்கும்போது "அழுக்காவே கொண்டு வா, பழுதானா எனக்கு போன் அடி" என்ற இரண்டு வார்த்தை போதும்.

*கினிகத்தேனையிலிருந்து: நண்பனிடம் கொடுத்தேன், அவன் இன்னொருவனிடம் கொடுத்திருக்கிறான், அந்த ஆள் கடைவாசலில் விட்டுவிட்டு உள்ளே போன நேரம் களவு போய்விட்டது. யார் பொறுப்பு?*

உங்கள் நண்பன். நம் நாட்டின் ரோமன்-டச்சுச் சட்டத்தில் இலவசமாக இரவல் கொடுப்பதற்கே கொமொடாட்டம் என்று தனி ஏற்பாடு உண்டு. வாங்கியவர் அந்தப் பொருளையே திருப்பித் தர வேண்டும், பேசிய உபயோகத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பொறுப்பு அவர் மேல் விழும். சாதாரணத் தேய்மானம் அவர் கணக்கில் வராது. கொடுப்பவருக்கும் கடமை இருக்கிறது: தெரிந்த பழுதைச் சொல்லாமல் கொடுத்து ஆள் விழுந்தால், கேள்வி உங்களிடமே வரும். பிரேக் சரியில்லாத சைக்கிளைத் தயவுக்காகக் கொடுப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

சட்டம் நண்பனிடமிருந்து காசு வாங்கித் தருமா என்பதை ஒரு சட்டத்தரணியிடம் கேளுங்கள். இப்போது செய்ய வேண்டியது, களவு போன இடத்துப் பொலிஸில் மூன்று பேரும் சேர்ந்து போய் முறைப்பாடு போடுவது. பில்லும் பிரேம் நம்பரும் கொண்டு போங்கள். நம்பர் பெரும்பாலும் பெடல் அச்சுக்கு அடியில் இருக்கும். சைக்கிள் இன்னும் கையில் இருக்கிறவர்கள் இப்போதே கவிழ்த்து அதைப் படம் எடுத்துவைக்கலாம்.

*பூண்டுலோயாவிலிருந்து: கார்பன் பிரேம். தம்பி விழுந்துவிட்டான், கீறல்கூட இல்லை. ஓட்டலாமா?*

காட்டாமல் ஓட்ட வேண்டாம். அலுமினியம் நெளிந்து காட்டும், கார்பன் உள்ளே கிழிந்தும் வெளியே பளபளவென்றே இருக்கும். ஒரு நாணயத்தால் பிரேம் நெடுகத் தட்டிப் பாருங்கள். கணீரென்ற சத்தம் ஓரிடத்தில் மொத்தென்று மாறினால் அங்கே கோளாறு. சத்தம் மாறவில்லை என்பதால் நல்லது என்று முடிவு கட்டவும் முடியாது. தம்பி சீட்டை ஏற்றி இறக்கினானா என்று கேளுங்கள். கார்பன் சீட் கம்பியை அதில் எழுதியிருக்கும் அளவுக்குத்தான், பெரும்பாலும் 5 நியூட்டன் மீற்றர் அளவு, இறுக்க வேண்டும். ஆத்திரத்தோடு இறுக்கினால் விழாமலே வெடிக்கும்.

*பதுளையிலிருந்து ஒரு தங்கச்சி: என் சம்பளத்தில் வாங்கிய சைக்கிளை அண்ணாவின் கூட்டாளிகள் கேட்காமலே எடுத்துக்கொண்டு போகிறார்கள். அம்மா, "குடுத்தா தேஞ்சா போகும்" என்கிறார்.*

தேயும் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். செயின் ஒவ்வொரு ஓட்டத்திலும் தேய்ந்து நீளும். நூற்றுக்கு முக்கால் பங்கு (0.75%) நீண்டதற்குப் பிறகும் மாற்றாமல் விட்டால் பின்னால் உள்ள பல்லெல்லாம் சேர்ந்து தேயும், அது செயினை விடப் பல மடங்கு செலவு. பேட் தேயும். டயர் தேயும். ஆள் மாறும்போதெல்லாம் சீட்டை இழுத்து இழுத்து அந்தக் கம்பியும் கீறுப்படும்.

மற்றவர்கள், இரவல் கேட்கிறார்கள், கொடுக்கலாமா என்று எழுதியிருக்கிறார்கள். உங்களிடம் யாருமே கேட்கவில்லை, அதனால் இரவல் என்ற பேச்சுக்கே இடமில்லை. அண்ணாவிடம் ஒரு தடவை நேராகச் சொல்லுங்கள், கூட்டாளிகளிடம் அவரே சொல்லட்டும். பிரேமையும் பின் சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டுகிற மாதிரி கனமான பூட்டு ஒன்று வாங்குங்கள். சாவியை அம்மாவிடமும் கொடுக்காதீர்கள்.