வயதுக்கு வந்த பெண் ஓடினால் கர்ப்பப்பை இறங்கிவிடும் என்கிறார்களே, உண்மையா?

கேட்டிருப்பது அநேகமாக ஓட்டப்பந்தயத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்து நிற்கும் பெண்ணின் அம்மாவாகத்தான் இருக்கும். ஓடட்டும், விடுங்கள்.

ஒன்பதாவது படித்தபோது மாவட்டப் போட்டியில் 800 மீட்டர் ஓடினேன். வெறுங்கால், சுண்ணாம்புக் கோடு, இரண்டு சுற்று. மூன்றாவதாக வந்து, அப்படியே புல்லில் மல்லாந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான். அதைப் பார்த்த சித்தப்பா வீட்டில் போய், பிள்ளை மயங்கிக் கிடந்தது என்று சொல்லிவிட்டார். "வயசுக்கு வந்த புள்ள ஓடுனா கர்ப்பப்பை எறங்கிரும். போதும்" என்றார் அப்பத்தா. அதோடு என் ஓட்டம் முடிந்தது. எனக்கு முன்னால் ஓடிய பையன்களும் அதே புல்லில்தான் விழுந்து கிடந்தார்கள். அவர்கள் வீட்டில் கோழி அடித்திருப்பார்கள்.

இதே கதை ஒலிம்பிக்கில் நடந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. 1928 ஆம்ஸ்டர்டாமில்தான் தடகளத்தில் பெண்களை முதன்முதலாகச் சேர்த்தார்கள். 800 மீட்டரில் ஜெர்மனியின் லீனா ராட்கே 2 நிமிடம் 16.8 விநாடியில் உலக சாதனையோடு ஜெயித்தார். இறுதிப் போட்டியில் ஓடிய 9 பேரும் ஓடி முடித்தார்கள். ஆனால் முடித்த களைப்பில் சிலர் தரையில் சாய்ந்ததை வைத்து, பாதி வழியிலேயே சுருண்டு விழுந்ததாகப் பத்திரிகைகள் எழுதித் தள்ளின. பெண்களுக்கு இது ஆகாது என்று பந்தயத்தையே தூக்கிவிட்டார்கள். திரும்பி வந்தது 1960 ரோமில். 32 வருஷம்! பெண்கள் மாரத்தான் வர 1984 ஆனது. அங்கேயும் ஒரு சித்தப்பா இருந்திருக்கிறார்.

அப்பத்தாவைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம், என்னை வளர்த்தவர் அவர்தான். கர்ப்பப்பை இறங்குவது என்று ஒன்று உண்டுதான். பிள்ளைப்பேறு, பாரம் தூக்குவது, வயது இவையெல்லாம்தான் அதற்கு முக்கியக் காரணங்கள் என்கிறார்கள் டாக்டர்கள். அப்பத்தா ஆறு பிள்ளை பெற்றவர். தினமும் ஊருணியிலிருந்து தலையில் ஒன்று, இடுப்பில் ஒன்று என்று குடம் சுமந்தவர். அந்தக் கணக்குப்படி தடை போட்டிருக்க வேண்டியது குடத்துக்கு. ஏற்கெனவே தொந்தரவு இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், என்னிடம் வராதீர்கள்.

அப்புறம், கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று. அந்த மூன்றாம் இடத்துச் சான்றிதழில் என் இனிஷியலைத் தப்பாகப் போட்டுவிட்டார்கள். திருத்தித் தரச் சொல்லி மூன்று தடவை அலைந்தேன். "மூணாவது பரிசுதானம்மா" என்றார் அங்கே இருந்தவர். கோபத்தில் லேமினேஷன் போட்டுவிட்டேன். இனிமேல் திருத்தவும் முடியாது.