17 அல்லது 18 அங்குல கேமிங் லேப்டாப் வாங்கலாமா?

கேட்டிருக்கும் தம்பிக்கு வீடு மண்டபம், கல்லூரி மதுரையில், விடுதி வாசம். கேமும் ஆடணும், வீடியோ எடிட்டிங்கும் பார்க்கணும், அதற்குப் பெரிய திரை சரியா என்கிறார். நான் ராமேஸ்வரம் தீவில் உள்ள தங்கச்சிமடத்துக்காரன், வேலை சென்னையில். 2021 கடைசியில் வாங்கிய 17.3 அங்குல லேப்டாப் இன்னும் என்னிடம் ஓடுகிறது. அதைப் பாம்பன் பாலத்துக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சுமந்தவன் என்ற தகுதியில் பதில் சொல்கிறேன்.

முதல்முறை ஊருக்குக் கொண்டுபோனபோது அப்பா திரையைப் பார்க்கவே இல்லை. ஒரு கையில் லேப்டாப், மறு கையில் அடாப்டர், ஏலத்துக்கு வந்த பாறை மீனைத் தூக்கிப் பார்ப்பதுபோல் தூக்கிப் பார்த்துவிட்டு, "சேத்து மூணே முக்கால் கிலோ வரும்டா" என்றார். எதிர்த்த மளிகைக் கடைத் தராசில் வைத்தேன். 3 கிலோ 800.

கடையில் டெமோ பார்க்கும்போது இந்த எடை தெரியாது. 2022 டிசம்பரில் பழைய பாம்பன் ரயில் பாலத்தில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும்வரை மண்டபத்திலோ ராமநாதபுரத்திலோ இறங்கி, பஸ் பிடித்துத்தான் தீவுக்குள் போக வேண்டியிருந்தது. அந்த இரண்டு சொச்சம் வருடம் நெரிசல் பஸ்ஸில் நின்றுகொண்டே போன என் இடது தோளைக் கேட்டால் லேப்டாப்பைப் பற்றி வேறு மாதிரி பதில் சொல்லும். சாதாரண 15.6 அங்குலப் பையில் இது நுழையாது என்பதையும் வாங்கிய பிறகுதான் கண்டுபிடித்தேன்.

சரி, திரைக்கு வருவோம். 15.6 அங்குலத் திரையின் அகலம் 34.5 செ.மீ., 17.3 அங்குலத்துக்கு 38.3. உயரத்தில் வித்தியாசம் 2 செ.மீ. பரப்பில் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட கால்பங்கு அதிகம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இப்போது வரும் 16 அங்குல லேப்டாப்புகள் பெரும்பாலும் 16:10 வடிவம், அதாவது அகலம் 16 பங்கு என்றால் உயரம் 10 பங்கு. அவற்றின் திரை உயரம் என் 17.3 அங்குலத்தின் உயரமேதான், 21.5 செ.மீ. அகலத்தில் மட்டும் 4 செ.மீ. குறையும். வீடியோ துண்டுகளை அடுக்கும் எடிட்டிங் டைம்லைனுக்கு உயரம் முக்கியம் என்பதால், நான் வாங்கிய காரணத்தில் பாதி இன்று செல்லாது. 18 அங்குலம் வேறு கதை. 38.8க்கு 24.2 செ.மீ., நிஜமாகவே பெரிது. விலையும் அப்படியே, நல்லதாக வேண்டுமென்றால் 2 லட்சத்தை ஒட்டியோ தாண்டியோதான் போகும்.

பெரிய உடம்பின் உண்மையான லாபம் திரையில் இல்லை, உள்ளே இருக்கிறது. ஆர்டிஎக்ஸ் 4060 என்ற என்விடியா கிராபிக்ஸ் சிப்பின் பெயர் ஒட்டியிருக்கும் எல்லா லேப்டாப்பும் ஒன்றல்ல. அந்தச் சிப்பை 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த அளவிலும் ஓட்டிக்கொள்ள என்விடியாவே லேப்டாப் கம்பெனிகளுக்கு இடம் கொடுத்திருக்கிறது. மெல்லிசு லேப்டாப்பில் சூட்டை வெளியேற்ற இடம் இல்லாததால் குறைந்த வாட்டில் கட்டிப்போட்டு வைப்பார்கள். 17, 18 அங்குலத்தில் விசிறி பெரிது, சூட்டைக் கடத்தும் செம்புக் குழாய் நீளம், பெரும்பாலும் முழு வாட்டும் கிடைக்கும். அதே பெயர், அதே ஸ்டிக்கர், ஆனால் ஓட்டத்தில் பெரிய வித்தியாசம். ஆகவே எந்த அளவு வாங்கினாலும் "கிராபிக்ஸ் எத்தனை வாட்?" என்று கேளுங்கள். கடைக்காரர் முழித்தால் கம்பெனி தளத்தில் பாருங்கள். சத்தம் இல்லாமல் ஓடும் என்று மட்டும் நினைக்க வேண்டாம். டேபிள் ஃபேனை மூன்றில் வைத்த மாதிரி இருக்கும்.

கரண்ட் பற்றி ஒரு விஷயம். ஆடும்போது என்னுடையது சுமார் 180 வாட் இழுக்கும். தினம் மூன்று மணி நேரம் என்றால் இரண்டு மாத பில்லில் 32 யூனிட் ஏறும். அது பரவாயில்லை. கரண்ட் போனால்தான் வேடிக்கை. பேட்டரி இருக்கிறதே என்று நம்பாதீர்கள். பேட்டரியால் அவ்வளவு வாட்டை ஒரேயடியாகக் கொடுக்க முடியாது, அதனால் லேப்டாப் தானாகவே வேகத்தைப் பாதிக்குமேல் குறைத்துக்கொள்ளும். அப்படிக் குறைத்தும் ஒரு மணி நேரம் தாக்குப்பிடித்தால் பெரிது. 18 அங்குலத்தில் பெரிய பேட்டரி போடலாமே என்றால், விமானத்தில் அனுமதி கேட்காமல் எடுத்துப்போக பேட்டரியின் கொள்ளளவு 100 வாட்-மணிதான் எல்லை. அதனால் எவ்வளவு பெரிய லேப்டாப்பானாலும் 99 சொச்சத்தில் நிறுத்திவிடுகிறார்கள். ஆனாலும் டெஸ்க்டாப்போடு ஒப்பிட்டால் இது எனக்குப் பெரிய ஆறுதல். சேவ் செய்யாத எடிட்டிங் ஒன்றுகூட இதுவரை போனதில்லை.

இனி, எந்த யூடியூப் ரிவ்யூவிலும் வராத விஷயம். நம் உப்புக்காற்று.

பெரிய லேப்டாப் என்றால் பெரிய மூச்சு. எவ்வளவு காற்றை இழுக்கிறதோ அவ்வளவு உப்பையும் உள்ளே இழுக்கும், கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் மணலையும் சேர்த்து. உப்பு காய்ந்து கிடக்கும்வரை அவ்வளவாகத் தொந்தரவு இல்லை. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கசியத் தொடங்கும். மழைக்காலத்தில் ஊறுகாய் ஜாடிப் பக்கத்தில் இருக்கும் உப்பு டப்பாவைப் பார்த்தாலே தெரியும். அந்தக் கசிவுதான் போர்டையும் போர்ட்டுகளையும் தின்னும். தீவில் ராத்திரி ஈரப்பதம் 75ஐத் தாண்டுவது ஒன்றும் அதிசயமில்லை.

இரண்டு வருடம் கழித்து விசிறி கத்த ஆரம்பித்ததும் ராமநாதபுரத்தில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். கீழ்மூடியைக் கழற்றியவுடனே அந்தப் பையன், "அண்ணே, தீவுல இருந்து வர்றீங்களா?" என்றான். செம்புக் குழாயின் ஓரமெல்லாம் பச்சை பூத்திருந்தது. ஒரு யூஎஸ்பி துளை துருவேறிச் செத்தே போயிருந்தது. மூடியின் கீலும் ஒரு பக்கம் விட்டுக்கொடுத்திருந்தது, அது உப்பின் குற்றமில்லை. அகலமான திரையை மூலையைப் பிடித்துத் திறக்கும் என் பழக்கம். நடுவில் பிடித்துத் திறக்க வேண்டும். கீல் உள்ளூரில் கிடைக்கவில்லை, மதுரையில் சொல்லிவைத்து மூன்று வாரம் ஆனது. 15.6 அங்குலத்துக்கு என்றால் உடனே எடுத்துக் கொடுத்திருப்பேன் என்றான் அதே பையன்.

இப்போது கடல் பார்த்த ஜன்னல் பக்கம் வைப்பதில்லை. ஆடி முடித்து ஆறியதும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு பீரோவுக்குள் போய்விடும். வருடம் ஒருமுறை பிரித்துச் சுத்தம், சிப்பின் சூட்டைக் கடத்தும் பேஸ்ட் மாற்றம்.

இவ்வளவு குறை சொல்லிவிட்டு ஏன் விற்கவில்லை என்று கேட்பீர்கள். மீன்பிடித் தடைக்காலம்தான் காரணம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். சித்தப்பா மகன்கள் இரண்டு பேரும் வீட்டில் இருப்பார்கள். நானும் லீவு போட்டுவிட்டு ஒரு வாரம் வந்துவிடுவேன். திண்ணையில் காலி ஐஸ் பெட்டியைக் கவிழ்த்து, அதன்மேல் லேப்டாப்பை வைத்து, இரண்டு கன்ட்ரோலரை மாற்றி மாற்றி ஃபுட்பால் ஆடுவோம். மூன்று பேர் சம்மணம் போட்டுப் பார்க்க 15.6 அங்குலம் போதாது, முட்டிக்கொள்வோம். டிவியைக் கேட்டால் அம்மா சீரியல் நேரத்தில் தர மாட்டார். இந்த ஒரு வாரத்துக்காகவே 3 கிலோ 800ஐச் சுமக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. வருடத்துக்கு மூன்று நான்கு முறை இடம் மாறும் என் மாதிரி ஆளுக்கு இது சரி.

தம்பி, உங்கள் கதை வேறு. தினமும் விடுதியிலிருந்து வகுப்புக்குத் தூக்குவீர்கள், அங்கே மூன்று பேர் திண்ணையில் உட்கார்ந்து பார்க்கப் போவதில்லை. முழு வாட் கிராபிக்ஸ் உள்ள 16 அங்குலமாக வாங்குங்கள். மிச்சப் பணத்தில் 10,000 ரூபாய் சுமாரில் ஒரு 24 அங்குல மானிட்டர் வாங்கி மண்டபம் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். 17.3 அங்குலத்தைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு பரப்பு அது. லீவுக்கு வந்ததும் ஒரு ஹெச்டிஎம்ஐ வயர் மாட்டினால் போதும். மதுரைக்குத் திரும்பும்போது மறக்காமல் மானிட்டருக்கு ஒரு துணி போட்டு மூடிவிட்டுப் போங்கள். அதையும் உப்பு விடாது.