நயவுரையும் மதிப்புரையும்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

இலங்கையின் கிழக்கில் உள்ள சிறு பதிப்பகங்கள் அண்மையில் வெளியிட்ட கூத்துப் பிரதி, ஊர் வரலாறு, கவிதைத் தொகுதி ஆகிய மூன்றுக்கும் நீங்கள் எழுதிய மதிப்புரையை வாசித்தேன். கைக்காசு போட்டு 300 பிரதி அச்சிடுகிறவர்களின் குறைகளைப் பகிரங்கமாக எழுதினால், அடுத்த நூலை வெளியிட அவர்களுக்கு மனம் வருமா? கவிஞரான நீங்கள் கூத்தையும் வரலாற்றையும் எந்த அளவுகோலால் அளக்கிறீர்கள்?

வாசகர், கல்முனை

அன்புள்ள கல்முனை வாசகருக்கு,

உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். ஒரே அளவுகோல் எல்லாவற்றுக்கும் பொருந்தாது என்பதனால்தான் அந்தக் கூத்துப் பிரதியை மேசையில் வைத்து வாசித்ததோடு நிறுத்தாமல், கூத்துப் பழக்குகிற எங்கள் ஊர் அண்ணாவியார் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாத்திரம் அரங்குக்கு வரும் முதலாவது வரவைச் சொல்லத் தொடங்கி, நான்காம் வரியில் நின்றுவிட்டார். தாளக்கட்டும் தருவும் ஒரே எழுத்துருவில், இடைவெளிகூட இல்லாமல் அச்சாகியிருந்தபடியால், எது ஆட்டத்துக்கு, எது பாட்டுக்கு என்று அவராலேயே பிரித்துக்கொள்ள முடியவில்லை. வடமோடி, தென்மோடி என்ற இரு கூத்து வகைகளில் எதுவாயினும், கூத்துப் பிரதி வாசித்து மகிழ்வதற்கு மட்டுமான இலக்கியமன்று; களரி என்னும் ஆடுகளத்தில் ஆடுகிறவருக்கும் மத்தளம் அடிக்கிறவருக்கும் அதுவே கைநூல். குறை, முதியவர்களிடம் கேட்டுக் கேட்டுப் பாடல்களைத் திரட்டியவருடையதன்று. பக்கம் வடிவமைத்த இடத்தில் நேர்ந்தது. இரண்டையும் எழுதியிருந்தேன், முன்னது உங்கள் கண்ணில் படவில்லை போலும்.

ஊர் வரலாற்றில் 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியைப் பற்றிய அத்தியாயம், எவர் வீட்டுக் கூரை எவர் வளவில் போய் விழுந்தது என்பதுவரை நேரில் கண்டவர்களின் வாய்மொழியாகவே செல்கிறது. அதற்காகவே அந்நூலை வாங்கலாம். ஆனால் வட்டைகள் என்னும் வயல்வெளிகளின் பெயர்கள் பக்கம் பக்கமாக வந்தும் ஒரு வரைபடம் இல்லை. வயலுக்குப் போகாத தலைமுறை அவற்றை எங்கே தேடும்? கவிதைத் தொகுதியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மூன்று அணிந்துரைகளையும் எடுத்துவிட்டால் மெலிந்த, ஆனால் நல்ல நூல்.

இனி உங்கள் முதற் கேள்வி. வெளியீட்டு விழாவில் நயவுரை ஆற்றுகிறவர் பிறந்த பிள்ளையைப் பார்க்கப் போனவரைப் போன்றவர். அங்கே குறை சொல்வது மரபன்று, நானும் சொன்னதில்லை. மதிப்புரை, விழாவுக்கு வராத, நூலை வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிற ஒருவருக்காக எழுதப்படுவது. பதிப்பாளர் கைக்காசு போட்டார் என்கிறீர்கள். அந்த வாசகரும் கைக்காசுதான் போடுகிறார். மேலும், 300 பிரதி அச்சிடுகிறவருக்கே திருத்தம் எளிது: கணினியில் பக்கங்கள் இருக்கின்றன, அடுத்த 100 பிரதியைச் சரிசெய்து எடுக்கலாம்.

மனம் வருமா என்று கேட்டிருந்தீர்கள். கூத்துப் பிரதியின் பதிப்பாளர் சென்ற கிழமை வீட்டுக்கு வந்து, அண்ணாவியார் பென்சிலால் கோடிட்ட பிரதியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். இப்போது என்னிடம் அந்த நூல் இல்லை.