அம்மா லண்டனிலிருந்து எப்போது வருவார்?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்:

என் அக்கா மார்பகப் புற்றுநோயால் கடந்த ஆண்டு இறந்துபோனார். வயது 36. மகரகம புற்றுநோய் வைத்தியசாலையில் இரண்டு ஆண்டுகள் சிகிச்சை நடந்தது. மகனுக்குப் பத்து வயது, தரம் 5இல் படிக்கிறான். மகளுக்கு ஐந்து வயது. செத்தவீட்டன்று சின்னவளை ஒரு நண்பியின் வீட்டில் விட்டிருந்தோம். அம்மா மருந்துக்காக லண்டன் போயிருக்கிறார் என்று அம்மம்மா சொல்லிவிட்டார். இப்போது அவள், "ஏன் அம்மா வீடியோவில் வருவதில்லை?" என்று கேட்கிறாள். மகன் இதுவரை அழுததே இல்லை. அத்தான் அக்காவின் படங்களை எல்லாம் அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். அடுத்த மாதம் ஆட்டைத் திவசம். அன்று நினைவு மலர் வெளியிட உறவினர்கள் விரும்புகிறார்கள். பிள்ளைகளை இதில் எப்படிச் சேர்ப்பது? சேர்க்கலாமா?

சகோதரி, சேர்க்க வேண்டும். ஆனால் அதற்கு முன் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது.

கொழும்பில் வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு வெளிநாடு என்றால் என்னவென்று நன்றாகவே தெரியும். கனடா மாமா ஞாயிற்றுக்கிழமைகளில் திரையில் வருவார். பெரியம்மா கட்டுநாயக்கவில் வந்து இறங்கும்போது பெட்டி நிறையச் சொக்கலேற் கொண்டுவருவார். போனவர்கள் பேசுவார்கள், ஒருநாள் வருவார்கள். பேசாமலும் வராமலும் இருப்பவர் அம்மா ஒருவர்தான் என்றால், அந்தச் சின்னவள் என்ன நினைப்பாள்? அம்மாவுக்கு என்னைப் பிடிக்கவில்லை, நான் ஏதோ குழப்படி செய்துவிட்டேன் என்றுதான் நினைப்பாள். அம்மா இறந்துவிட்டார் என்ற உண்மையைவிட இது அவளுக்குப் பாரமானது. அம்மம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மகளைப் பறிகொடுத்த தாய், பேத்தியின் முகத்தைப் பார்த்துச் சொன்ன சொல் அது. ஆனாலும் திவசத்துக்கு முன் உண்மையைச் சொல்லியாக வேண்டும். படத்துக்கு மாலை போட்டு ஐயர் வந்து அமரும் நாளில், வீடு நிறைந்த ஆட்களுக்கு நடுவே அவள் அதைத் தானாகக் கண்டுபிடிக்கக் கூடாது.

அப்பாதான் சொல்ல வேண்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். பாடசாலை இல்லாத ஒரு காலை நேரம் நல்லது. படுக்கப் போகும் நேரத்தில் சொல்ல வேண்டாம். மகனுக்கு முதல்நாளே தெரிவித்துவிடுங்கள். ஓராண்டாக அந்தப் பொய்யை அவனும் சேர்ந்து காப்பாற்றியிருக்கிறான்.

சொற்களில் மிகுந்த கவனம் வேண்டும். மரணத்தைச் சுற்றி வளைத்துச் சொல்ல எங்கள் மொழியில் எத்தனையோ வழிகள் உண்டு. அவற்றில் ஒன்றுகூட ஐந்து வயதுக்கு உதவாது. "தவறிவிட்டார்" என்றால் எங்கேயோ வழி தவறிப் போயிருக்கிறார், தேடினால் கிடைப்பார் என்று பிள்ளை நினைக்கும். "கண்ணை மூடிவிட்டார்" என்றால் இரவில் தான் கண்ணை மூடப் பயப்படும். "கடவுள் கூட்டிக்கொண்டு போய்விட்டார்" என்றால் கோவிலுக்குள் கால் வைக்க மறுக்கும். இந்த மூன்றையும் நான் பிள்ளைகளிடம் நேரில் கண்டிருக்கிறேன். இவை எல்லாவற்றையும்விடச் சிக்கலான சொல் "வருத்தம்". எங்கள் வீடுகளில் காய்ச்சலும் வருத்தம், தடிமனும் வருத்தம், புற்றுநோயும் வருத்தம். அம்மா வருத்தத்தால் இறந்தார் என்று மட்டும் சொன்னால், அடுத்த தடவை அப்பாவுக்குத் தடிமன் பிடிக்கும்போது அந்தப் பிள்ளை நடுங்கிப்போகும். ஆகவே நோயின் பெயரைச் சொல்லுங்கள். இப்படிச் சொல்லலாம்:

"அம்மாவுக்குப் புற்றுநோய் வந்தது. அது காய்ச்சல் மாதிரி இல்லை, வேறு நோய். வைத்தியர்கள் நிறைய மருந்து கொடுத்தார்கள், ஆனால் மாறவில்லை. அம்மா இறந்துவிட்டார். இறந்தால் மூச்சு நின்றுவிடும், பேச முடியாது, நோவும் இருக்காது, திரும்பி வரவும் முடியாது. லண்டன் என்று சொன்னது சரியில்லை. உனக்கு நோகும் என்று பயந்து அப்படிச் சொல்லிவிட்டோம். இனி உன்னிடம் உண்மையையே சொல்வோம்."

இவ்வளவு போதும். அவள் அழலாம், அழாமலும் இருக்கலாம். "சரி, நான் விளையாடப் போகட்டுமா?" என்று கேட்டாலும் திகைக்காதீர்கள். இறப்பு என்பது மாறாதது என்ற விளக்கம் ஐந்து வயதில் முழுமையாக வராது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஆறு, ஏழு வயதில்தான் அது படிப்படியாகப் பிடிபடுகிறது. அதனால் அடுத்த வாரம், "அம்மா என் பிறந்தநாளுக்கு வருவாரா?" என்று திரும்பவும் கேட்பாள். ஒவ்வொரு முறையும் அதே சொற்களில், அதே பொறுமையோடு பதில் சொல்லுங்கள்.

அவள் வாய்விட்டுக் கேட்காத மூன்று கேள்விகளுக்கும் நீங்களாகவே பதில் சொல்லுங்கள். அம்மாவுக்கு இது என்னால் வந்ததா? உன்னால் இல்லை, நீ செய்த குழப்படியால் யாருக்கும் புற்றுநோய் வராது. எனக்கும் தொற்றுமா? தொற்றாது, அம்மாவின் கோப்பையில் சாப்பிட்டாலும், அம்மாவோடு படுத்தாலும் தொற்றாது. இனி என்னை யார் பார்ப்பார்கள்? இதற்குப் பெயர்களோடும் நாட்களோடும் பதில் வேண்டும். காலையில் தலை இழுத்துவிடுவது யார், பாடசாலை வானில் ஏற்றிவிடுவது யார், அப்பாவுக்கு இரவு வேலை என்றால் யார் பக்கத்தில் படுப்பது என்று சொல்லுங்கள். உறவினர்கள் அத்தானின் மறுமணத்தைப் பற்றிக் கிசுகிசுப்பது உண்டென்றால், அதைப் பிள்ளைகளின் காதில் விழாத இடத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு அந்தப் பேச்சு இந்த மூன்றாவது கேள்வியாகவே கேட்கும்.

இனி மகன். எனக்கு அவனைப் பற்றித்தான் கூடுதல் அக்கறை.

பிள்ளைகளின் துக்கம் பெரியவர்களுடையதைப் போல இழுத்துக்கொண்டே போவதில்லை. மழை விட்ட தெருவில் நடப்பவர் தேங்கிய தண்ணீரில் கால் வைத்து, உடனே வெளியே வருவது போல, பிள்ளை ஐந்து நிமிடம் துயரப்பட்டுவிட்டுக் கிரிக்கெட் மட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடும். அழாததை மட்டும் வைத்து அவனை எடைபோட வேண்டாம். ஆனால் பத்து வயதுப் பையனிடம் எங்கள் உறவினர்கள் சொல்கிற இரண்டு வார்த்தைகள் அவனை உள்ளே பூட்டிவிடும். முதலாவது, "இனி நீதான் தங்கச்சிக்கு அம்மா." மற்றது, "அம்மாவின் ஆசைக்காகவாவது ஸ்கொலஷிப்பில் பாஸ் பண்ணு." செத்தவீட்டுக்கு வந்த யாராவது சொல்லியிருப்பார்கள். இறந்த தாயின் பெயரைப் புலமைப்பரிசில் பரீட்சையோடு கட்டிவிட்டால், வெட்டுப்புள்ளிக்குக் கீழே வருகிற ஒவ்வொரு புள்ளியும் அவனுக்கு அம்மாவைக் கைவிட்டதாகத் தெரியும். அப்பா அவனைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும்: "உனக்கு இயலுமானதை எழுது, எழுதாவிட்டாலும் பரவாயில்லை. தங்கச்சியைப் பார்ப்பது என் வேலை." வகுப்பாசிரியரிடமும் போய்ப் பேசுங்கள். பாடம் நடக்கும்போது கண் கலங்கினால் யாரிடமும் கேட்காமல் வெளியே போய்வர அவனுக்கு அனுமதி வாங்கி வையுங்கள்.

அத்தானின் மௌனத்தையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் வில்லியம் வோர்டனும் ஃபிலிஸ் சில்வர்மனும், தாயையோ தந்தையையோ இழந்த 70 குடும்பங்களின் 125 பிள்ளைகளை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். பிள்ளை எப்படித் தேறுகிறது என்பதை மற்ற எதையும்விட அதிகமாகத் தீர்மானித்தது, எஞ்சியிருந்த பெற்றோரின் நிலைதான். சில பிள்ளைகளின் சிக்கல்கள் முதலாண்டில் தெரியவில்லை, இரண்டாவது ஆண்டில்தான் வெளியே வந்தன. எங்கள் உறவுகள் முப்பத்தொன்றாம் நாள் கிரியையோடு சோற்றுப் பார்சலை நிறுத்திவிடுகின்றன, ஆட்டையோடு வருவதையும் நிறுத்திவிடுகின்றன. உண்மையில் தேவை அதற்குப் பிறகுதான். "ஏதாவது உதவி என்றால் சொல்லுங்கள்" என்று யாரும் சொல்ல வேண்டாம், மனைவியை இழந்தவர் வாய் திறந்து கேட்கமாட்டார். ஒருவர் செவ்வாய்க்கிழமை இரவுச் சாப்பாட்டை எடுத்துக்கொள்ளட்டும், இன்னொருவர் சனிக்கிழமை ரியூசனுக்குக் கொண்டுபோய் விடட்டும். படங்களைப் பொறுத்தவரை, அலுமாரியைத் திறக்கச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். ஒரு படத்தை மட்டும் கேளுங்கள், பிள்ளைகளின் அறைக்கு.

இத்தனைக்கும் பிறகு வயிற்றுவலி, நித்திரையின்மை, பாடசாலைக்குப் போக மறுப்பு போன்றவை வாரக்கணக்கில் நீடித்தால், அல்லது "நானும் அம்மாவிடம் போகப்போகிறேன்" என்று ஒருமுறை சொன்னாலும், காத்திருக்காதீர்கள். பொரளையில் உள்ள சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் சிறுவர் உளநலப் பிரிவு இருக்கிறது. அத்தானுக்குப் பேச ஓர் ஆள் வேண்டுமென்றால் தேசிய மனநல உதவி இலக்கம் 1926.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அக்காவுக்கு நோய் முப்பதுகளில் வந்திருக்கிறது. மார்பகப் புற்றுநோய்களில் சுமார் 5 முதல் 10 சதவீதம் பரம்பரையாக வரும் மரபணு மாற்றங்களால் ஏற்படுகின்றன, பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 அவற்றில் முக்கியமானவை. இளவயதில் நோய் வந்த குடும்பங்களில் இதற்கான வாய்ப்புக் கூடுதல். அக்காவின் சத்திரசிகிச்சை, திசுப் பரிசோதனை அறிக்கைகளை எறிந்துவிடாமல் பத்திரப்படுத்துங்கள், மகள் வளர்ந்தபின் அவளுடைய வைத்தியர் அவற்றைத்தான் முதலில் கேட்பார். இப்போது அந்தச் சிறுமிக்கு எந்தப் பரிசோதனையும் தேவையில்லை. ஆனால் நீங்கள் அக்காவின் கூடப்பிறந்தவர். அந்தக் கோப்போடு நீங்கள் ஒரு வைத்தியரைப் பாருங்கள், திவசம் முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்.

திவசத்தன்று பிள்ளைகளுக்குத் தெரிவு கொடுங்கள். மகன் கிரியையில் இருக்க விரும்பினால், ஐயர் என்ன சொல்வார், எள்ளும் தண்ணீரும் எப்படி விடுவது என்று முதல்நாளே காட்டிக்கொடுங்கள். நடுவில் முடியாமல் போனால் மாமா தொடர்வார் என்று அவனுக்குத் தெரிந்திருக்கட்டும். படையலில் ஒரு கறியைச் சின்னவள் தெரிவு செய்யட்டும், அம்மாவுக்கு எது பிடிக்கும் என்று அவளிடமே கேளுங்கள். இனி ஆண்டுதோறும் வரும் சித்திரா பௌர்ணமி, தாயை இழந்தவர்களுக்கு எங்கள் முன்னோர் ஒதுக்கிவைத்த நாள். விரதம் என்று பிள்ளைகளைப் பட்டினி போட வேண்டாம். அன்று அம்மாவின் கைப்பக்குவத்தில் ஒரு சமையலும் அம்மாவைப் பற்றிய பேச்சும் இருந்தால் நல்லது.

நினைவு மலர் பற்றி வெளிப்படையாகவே சொல்கிறேன். நாங்கள் அச்சடிக்கும் கல்வெட்டுகள் பெரியவர்களுக்கானவை. தேவாரம், வம்சவரலாறு, பளபளப்பான தாள், "அன்பும் பண்பும் நிறைந்தவர்" என்ற வரி. அந்த வரியிலிருந்து ஒரு பிள்ளையால் தன் தாயை அடையாளம் காண முடியாது. தாளைக் குறைத்து, மிச்சப் பணத்தைப் பிள்ளைகளின் வங்கிக் கணக்கில் போட்டுவிட்டு, இன்னொரு கொப்பி தொடங்குங்கள். அக்காவை அறிந்த ஒவ்வொருவரிடமும் ஒரு சம்பவத்தை மட்டும் எழுதி வாங்குங்கள், புகழுரை வேண்டாம். கோபம் வந்தால் என்ன செய்வார்? எந்தப் பாட்டுக்கு வானொலியின் சத்தத்தைக் கூட்டுவார்? காலிமுகத்திடலில் இறால் வடை வாங்கினால் மேலே இருக்கும் இறாலை யாருக்குக் கொடுப்பார்? மகள் பிறந்த அன்று என்ன சொன்னார்? ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சொந்த நினைவுகள் மிகக் குறைவாகவே மிஞ்சும். மீதியை எல்லாம் மற்றவர்களிடமிருந்துதான் அவள் பெற வேண்டும், அவர்களுக்கும் மறந்துகொண்டே வரும். அவர் உடுத்த ஒரு பருத்திச் சேலையைத் துவைக்காமல், காற்றுப் புகாத டின்னில் வையுங்கள்.

குரல்தான் எல்லாவற்றிலும் முதலில் தொலைந்துபோவது. உங்கள் கைத்தொலைபேசியிலும் அவருடைய நண்பிகளிடமும் இருக்கும் வட்ஸ்அப் குரல் பதிவுகளை இரண்டு இடங்களில் சேமியுங்கள். "வரும்போது பாண் வாங்கிக்கொண்டு வா" என்ற பதிவையும் விட்டுவிடாதீர்கள். அவருடைய வட்ஸ்அப் கணக்கு 120 நாட்கள் பாவிக்கப்படாமல் இருந்தால் பொதுவாக நீக்கப்பட்டுவிடும், அது ஏற்கெனவே போயிருக்கலாம். கூகுள் கணக்கு இரண்டு ஆண்டுகள் தொடப்படாமல் இருந்தால், அதிலுள்ள படங்களோடு சேர்த்து நீக்கப்படலாம். உங்களுக்கு இன்னும் ஏறக்குறைய ஓராண்டு இருக்கிறது. அக்காவின் கைத்தொலைபேசியும் அந்த அலுமாரிக்குள்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அத்தானிடம் கேட்டு வாங்கி இன்றைக்கே சார்ஜில் போடுங்கள். கடவு எண் யாருக்கும் நினைவில்லை என்றால் மகனைக் கேட்டுப் பாருங்கள், அம்மாவின் தொலைபேசியில் விளையாடிய பிள்ளைக்கு அது தெரிந்திருக்கும்.