பதில்: அஞ்சு வேன்ல ஒன்னுக்கு மட்டும் டீசல் பில் ஏறுது

அண்ணே, அஞ்சு வேன்ல மூணாவதுக்கு மட்டும் டீசல் செலவு எகிறுது, டிரைவர மாத்திடவான்னு கேட்டிருக்கீங்க. அவசரப்படாதீங்க. பில் தொகைய மட்டும் வச்சு ஒருத்தர சந்தேகப்படக் கூடாது, அந்த வண்டி மத்ததவிட அதிக தூரம் ஓடியிருக்கலாம், லோடு அதிகமா இருக்கலாம்.

முதல்ல எப்ப போட்டாலும் டேங்க் ஃபுல் பண்ணச் சொல்லுங்க, அப்பவே மீட்டர் ரீடிங்க போட்டோ எடுத்து அனுப்பணும். போன ஃபுல்லுக்கும் இந்த ஃபுல்லுக்கும் நடுவுல ஓடுன கிலோமீட்டர இப்ப புடிச்ச லிட்டரால வகுத்தா மைலேஜ் வந்துடும், இவ்வளவு ரூபாய்க்கு போடுன்னு அரைகுறையா போட்டா இந்தக் கணக்கு நிக்காது. நாலஞ்சு ஃபில்லிங் சேந்த பிறகு பாருங்க.

அப்புறம் ரெண்டு வாரம் அந்த டிரைவரையும் இன்னொரு வேன் டிரைவரையும் மட்டும் இடம் மாத்தி விடுங்க, ரூட்டு வண்டியோடயே இருக்கட்டும். அப்பவும் அதே வண்டி டீசல் அதிகமா குடிச்சா கோளாறு வண்டில, இல்ல அந்த ரூட்டு, லோடுல. வண்டில டயர் காத்து, ஏர் ஃபில்டர், இஞ்செக்டர் (இன்ஜினுக்குள்ள டீசல பீய்ச்சுற பாகம்), முக்கியமா பிரேக் ஒட்டிக்கிட்டு ஓடுதான்னு பாருங்க (நிறுத்துனதும் ஒரு வீல் மட்டும் கொதிக்கும்). ஆளு போற வண்டியெல்லாம் குடிச்சா, ஓட்டுற விதம், இல்ல இன்ஜின ஆஃப் பண்ணாம ஏசில உக்காந்திருக்காரு, இல்லன்னா நீங்க சந்தேகப்படுற டீசல் திருட்டுதான்.

60 லிட்டர் டேங்குக்கு 75 லிட்டர் பில் வந்தா மட்டும் உடனே கேட்டுடுங்க.

ஜிபிஎஸ் இப்ப வேணாம்ணே, ரீடிங்க நோட்டுல எழுதவே ஆளில்ல, அந்த ரிப்போர்ட்ட யாரு பாக்கப் போறா?