குல்மார்க் போகிறவருக்கு: பூட்ஸ் ஒரு சைஸ் பெரிதாக வேண்டாம்

வணக்கம். கிருஷ்ணகிரியிலிருந்து ஜனவரியில் காஷ்மீர் குல்மார்க்குக்குப் பனிச்சறுக்கப் போகிறேன், எட்டாம் நம்பர் காலுக்கு ஒன்பதில் ஸ்கீ பூட்ஸ் வாங்கி இரண்டு சாக்ஸ் போட்டால் குளிர் தாங்குமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். நானும் தர்மபுரிக்காரன்தான், வருஷம் முழுக்கச் செருப்பில் நடந்து பழகிய நம் காலுக்கு லூசான பூட்ஸ்தான் சுகமாகத் தெரியும். ஆனால் உள்ளே குதிகால் தூக்கினால் ஸ்கீ (காலில் மாட்டும் சறுக்குப் பலகை) நாம் நினைத்த பக்கம் திரும்பாது. இரண்டு சாக்ஸ் ரத்த ஓட்டத்தை இறுக்கி விரலை இன்னும் குளிரவைக்கும். மெல்லிய, நீளமான கம்பளி சாக்ஸ் ஒன்று போதும்.

வீட்டிலேயே குதிகாலைச் சுவரோடு ஒட்டி நின்று பெருவிரல் நுனிவரை அளந்துகொள்ளுங்கள். 26 செ.மீ. என்றால் ஸ்கீ பூட்ஸிலும் சைஸ் 26தான். கடையில் உள்ளே இருக்கும் மெத்தை உறையை உருவிவிட்டு, வெறும் பிளாஸ்டிக் ஓட்டுக்குள் காலை விடுங்கள். விரல் முன்னால் லேசாகத் தொடும்போது குதிகாலுக்குப் பின்னால் ஒன்றரை, இரண்டு செ.மீ. இடம் இருந்தால் சரி. அப்புறம் முழுசாகப் போட்டு, பக்கிள் மாட்டி நில்லுங்கள். விரல் நுனி உரசும். முழங்காலை முன்னால் மடக்கியதும் விலக வேண்டும். கொஞ்ச நேரம் நடந்து பாருங்கள். மரத்துப்போனால் கூச்சப்படாமல் வேறு ஜோடி கேளுங்கள்.

முதல் தடவைக்கு வாங்கவே வேண்டாம், அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். ஸ்கீ தாடை உயரம், நடுவில் 80 மி.மீ. அகலம் போதும். 100 மி.மீ.க்கு மேல் என்பது மேலே அபர்வத் மலைச் சரிவின் ஆழமான புதுப்பனிக்கு. பூட்ஸை ஸ்கீயோடு பிடித்துவைக்கும் பைண்டிங்கை மட்டும் உங்கள் எடை, உயரம் சொல்லி அமைக்கச் சொல்லுங்கள். விழும்போது ஸ்கீ கழன்றுகொள்ளாவிட்டால் அடி முழங்காலுக்குத்தான்.